பதின்மூன்று குணங்கள், ஒரு நோட்டு: மூசார் பழக முழுமையான வழிகாட்டி

கோபப்படக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் படுகிறோம். இந்த இடைவெளிதான் லிதுவேனியாவின் ரபி இஸ்ரேல் சலாந்தரை உறுத்தியது. 1840களில் வில்னாவில் அவர் தொடங்கிவைத்த யூத ஒழுக்கப் பயிற்சி இயக்கத்துக்கு மூசார் என்று பெயர். பழகுவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. ஒரே ஒரு குணம்

எபிரேயத்தில் குணத்தை ‘மிதா’ என்பார்கள். அளவு என்று பொருள். பணிவேகூட அளவு மீறினால், பேச வேண்டிய இடத்தில் வாய்மூடி நிற்கவைக்கும். உங்களை அடிக்கடி இடறிவிடும் குணம் எதுவென்று பாருங்கள். தெரியவில்லையா, வீட்டில் கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார்கள்.

பொறுமை என்று வைத்துக்கொள்வோம். எபிரேயத்தில் அது ‘சவ்லனூத்’. சுமைதூக்குபவரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நம் தமிழிலும் பொறுத்தல் என்றால் சுமத்தல்தானே! எரிச்சலே வராமலிருப்பது இங்கே பாடமில்லை. வந்த எரிச்சலை இறக்கிவைக்க இடம் கிடைக்கும்வரை யார் தலையிலும் போடாமல் சுமப்பதுதான் பாடம்.

2. காலையில் ஒரு வரி

அந்தக் குணத்தைப் பற்றி ஒரு வரியை வாய்விட்டு, ராகம் போட்டுச் சொல்லுங்கள். மூளைக்குப் புரிவது மனசுக்கு இறங்காது என்பது சலாந்தரின் கட்சி. கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

3. பகலில் ஒரு சின்ன வேலை

ஆயிரம் காசை ஒருவருக்கே கொடுப்பதைவிட, ஒவ்வொன்றாக ஆயிரம் தடவை கொடுப்பதுதான் கையைப் பழக்கும் என்றார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிதீஸ். ஆகவே பெரிய சபதம் வேண்டாம். கடையில் நீளமான வரிசையாகப் பார்த்து நில்லுங்கள், தினமும். மூசார் மரபின் நோவர்தோக் பள்ளி மாணவர்கள் மருந்துக்கடையில் போய் ஆணி கேட்பார்களாம், ஏளனத்தைத் தாங்கிப் பழக. அது முற்றிய நிலை. இப்போதைக்கு வரிசை போதும்.

4. இரவில் கணக்கு

சலாந்தருக்கும் முன்பே மெனாஹெம் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட ‘ஹெஷ்போன் ஹநெஃபெஷ்’, அதாவது ஆன்மக் கணக்கு, 13 குணங்களை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தது. வருடத்தில் நான்கு சுற்று. முறை பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடையது. நல்லது எங்கிருந்து வந்தால் என்ன? தவறிய இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். காரணம் எழுதத் தொடங்கினால் நோட்டு வக்கீல் மனுவாகிவிடும். வாரம் முடிந்ததும் தேறினாலும் தேறாவிட்டாலும் அடுத்த குணம். இந்த வாரத்துக் குணம் மறுபடி வரும்.

5. கூட்டாளியும் கற்பித்தலும்

தனியாகப் பழகினால் நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வோம். ‘வாஅத்’ எனும் சிறு குழுவோ, ‘ஹவ்ரூதா’ எனும் ஜோடியோ அதற்குத்தான். நோட்டை வைத்துப் பேசுங்கள். புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அவர் குறைகளை நீங்கள் எண்ணாதீர்கள்.

சலாந்தரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குமுன் சடங்காகக் கை கழுவும்போது, சொட்டுத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். தாராளமாக ஊற்றுவது அல்லவா சிறப்பு என்று கேட்டார்கள். தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து வருபவள் இந்த வீட்டுப் பணிப்பெண் என்றாராம் அவர்.