பின்வாங்கும் கிடா

அன்புத் தம்பிக்கு,

கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு தம்பி எழுதிய ‘வீட்டில் ஆடு, வீட்டில் பிள்ளை’ கையேடு வந்து சேர்ந்தது. தீவனம், தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றியெல்லாம் தம்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கடிதம் 11ஆம் பக்கத்தில் உள்ள ஒரு வரிக்காக. முட்ட வரும் ஆடு நாலடி பின்வாங்கினால் பயந்துவிட்டது என்று பொருள், பிள்ளை அப்படியே நின்றால் போதும் என்கிறது அந்த வரி.

அது பயமே இல்லை. செம்மறிக் கிடா பின்னால் போவது பாய்வதற்குத்தான். காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், காலம் பார்த்து அடங்கியிருக்கும் ஊக்கமுள்ளவனுக்கு உவமையாக நிறுத்தியதும் இப்படிப் பின்வாங்கும் தகரை, அதாவது ஆட்டுக்கிடாவைத்தான்.

தவறு எங்கே முளைத்தது என்றும் தெரிகிறது. கையேடு நெடுக ‘ஆடு’, ‘ஆடு’ என்றே போகிறது. எந்த ஆடு? வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று மேலிருந்து தலையை இறக்கும். செம்மறிக் கிடா பின்னுக்கு நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, ஓடி வந்து இடிக்கும். குட்டி போட்ட தாய் ஆடு முன்னங்காலால் தரையைத் தட்டும். அதன் குட்டியை விட்டு விலகினால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். மூன்றையும் ஒரே சொல்லில் மூடிவிட்டால், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகப் பட்டியோரம் நிற்கும் தாய் எதைக் கவனிப்பாள்?

கொம்பில்லாத இனமாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பதும் சரியில்லை. மேச்சேரிச் செம்மறிக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த இனத்தில் கிடாவுக்கும் பெரும்பாலும் கொம்பு கிடையாது. ஆனாலும் ஓடி வருவது 30 கிலோவைத் தாண்டிய உடம்பு. நாலு வயதுப் பிள்ளையின் எடை 15, 16 கிலோ. பெரியவர்களுக்குத் தொடையில் படும் இடி பிள்ளைக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் படும்.

அட்டைப் படத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. சிரித்த முகமாய் ஒரு சிறுவன் கிடாக்குட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிறான். ஊர் ஊராக நடக்கும் விளையாட்டுதான் இது. இரண்டு கிடாக்கள் பலம் பார்ப்பது நெற்றியோடு நெற்றி வைத்து. அந்த இடத்தில் கை வைத்துத் தள்ளுகிற பிள்ளை, வா ஒரு கை பார்க்கலாம் என்று தினமும் அழைத்துப் பழக்குகிறான். தாயில்லாமல் புட்டிப்பாலில் வளர்ந்த கிடாக்குட்டியாக இருந்தால் இன்னும் மோசம். மந்தையில் வளர்ந்த கிடாவுக்கு மனிதர் மேல் கொஞ்சமாவது அச்சம் இருக்கும். புட்டிப்பால் கிடாவுக்கு அந்த அச்சம் கிடையாது. ஐந்தாறு மாதத்தில் பருவம் வரத் தொடங்கியதும் வீட்டாரோடேயே பலம் பார்க்கும். தம்பி இதை ‘பிறவி முரடு’ என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அது வீடு பழக்கியது. தலையில் கம்பால் அடிக்கச் சொல்வதும் வேண்டாம். கிடாவுக்கு அது எதிர் முட்டாகத்தான் படும்.

இதை எழுதுகிறவன் வீட்டில் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்தது. நேர்ந்த கிடா என்பதால் அதைக் காயடிக்கவில்லை. வாசலிலேயே வளர்ந்தது, வருவோர் போவோர் எல்லாம் நெற்றியைத் தட்டினார்கள், எல்லார் கையிலும் தின்றது. ஒரு மாலை அது தங்கையின் முன்னால் நாலடி பின்னே போனது. அவளுக்கு ஐந்து வயது. பன்னிரண்டு வயது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, “பயந்துடுச்சு பாரு” என்று சிரித்தான். அடுத்த நொடி அவள் சுவரோரம் கிடந்தாள், முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து. கை கூடியது. ஆனால் அந்தக் கை இன்றுவரை முழுதாக நீளாது. 11ஆம் பக்கத்தைப் படித்தபோது காதில் கேட்டது அந்த அண்ணனின் குரல்தான்.

ஏழாம் பக்கத்துக்கு மட்டும் தம்பிக்கு ஒரு கும்பிடு. படலின் கொக்கியைப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது, கிடாவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே பிள்ளை விளையாடும் இடம் வராமல் பார்ப்பது, புட்டிப்பாலைப் படலுக்கு வெளியே நின்றே கொடுப்பது. படம் போட்டு இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி இதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு பக்கத்தைப் பால்வாடிச் சுவர்களில் எல்லாம் ஒட்டலாம்.

இனப்பெருக்கத்துக்கு வேண்டாத கிடாக்குட்டியைக் காலத்தோடு காயடிக்கவும், மனிதரை முட்டிப் பழகிவிட்ட கிடாவைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கழிக்கவும் அங்கேயே இரண்டு வரி சேர்க்கலாம். அட்டைப் படம் மாறட்டும். கையிருப்பில் உள்ள பிரதிகளில் 11ஆம் பக்கத்து வரியைத் தம்பி பேனாவாலேயே அடித்து, ‘பின்வாங்கினால் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலுக்கு வெளியே வரவும்’ என்று எழுதி அனுப்பட்டும். எத்தனை நூறு பிரதி என்றாலும் சரி. துணைக்கு ஆள் வேண்டுமென்றால், வந்து உட்கார்ந்து எழுத இங்கே இரண்டு பேர் இருக்கிறோம், தங்கையையும் சேர்த்து.