ராமசேரித் தெருவில் ஓர் இட்லிக் கடை

பாலக்காட்டில் ஒரு கோட்டை இருக்கிறது. 1766ஆம் ஆண்டில் ஹைதர் அலி புதுப்பித்துக் கட்டிய கோட்டை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுற்றிப் பார்த்தால் பசிக்கும். நகரத்தில் ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் எலப்புள்ளிப் பக்கம் போகிறார்கள். அங்கே ராமசேரி என்ற ஊர் இருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டர் தூரம்.

சின்ன ஊர். ஒரு கோயில், சில வீடுகள். தெருவை நடந்து பார்க்க அதிக நேரம் ஆகாது. இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது இட்லி.

இட்லியில் என்ன புதுமை? அதே அரிசி, அதே உளுந்துதானே?

ஆமாம். வேக வைக்கும் விதம்தான் வேறு. அடுப்பில் பானை. பானையில் தண்ணீர் கொதிக்கிறது. பானையின் வாயில் மண்ணால் செய்த ஒரு வளையம். வளையத்தின் குறுக்கே நூலால் வலை பின்னியிருக்கும். வலைமேல் ஈரத்துணி. துணிமேல் மாவை ஊற்றி மூடிவிடுகிறார்கள். இதில் குழி கிடையாது. அதனால் இட்லி குண்டாக வராது. சின்னத் தோசை போலத் தட்டையாக, பஞ்சு போல வரும். தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடிதான் அதற்குச் சரியான துணை. சட்னியும் உண்டு.

இதைச் செய்பவர்கள் முதலியார் குடும்பத்தினர். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தொழில் நெசவு. தறியில் கிடைத்த கூலி போதவில்லை. பெண்கள் இட்லி சுட்டார்கள். கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். இந்த இட்லி ஒன்றிரண்டு நாள் கெடாது. சுமந்து விற்க அது வசதி. தறி போனது. இட்லி நின்றது.

இன்று பெரிய நகரங்களின் ஹோட்டல்களிலும் 'ராமசேரி இட்லி' என்று எழுதி விற்கிறார்கள். ராமசேரியிலோ இட்லி அடுப்பு எரியும் வீடுகள் மிகச் சில. விடியுமுன் எழ வேண்டும். விறகுப் புகையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? புகையில் நின்ற எந்தத் தாயும் தன் மகள் அங்கேயே நிற்க வேண்டும் என்று நினைக்கமாட்டாள்.

கடைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுக் கைகழுவியதும் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். நூல் வலை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்கலாம்.