பெட்டி கட்டுமுன் கோப்பைக் கட்டுங்கள்

இந்தியாவில் படிப்பு முடிந்து இந்த மார்கழியில் ஊர் திரும்பப் போகிறீர்களா? உங்கள் வீடு இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலா? அப்படியானால் தி.நகர் கடைகளைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான பட்டப்படிப்புகள் ஏப்ரல், மே மாதங்களில்தான் முடியும். டிசெம்பரில் கிளம்புகிறவர்கள் ஆய்வேட்டை ஒப்படைத்தவர்கள், புராஜெக்ட்டை முடித்தவர்கள், மிச்சமிருந்த அரியரை எழுதித் தீர்த்தவர்கள். இவர்களுக்கு நாட்காட்டிதான் பெரிய தொல்லை. தேர்வு முடிந்த கையோடு விடுதி காலியாகும், மெஸ் மூடும், பேராசிரியர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கிறிஸ்மஸ், புத்தாண்டு, பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று விடுமுறைகள் வரிசையாக வரும். டிசெம்பர் 20க்குப் பிறகு கொடுக்கும் விண்ணப்பம் தை பிறந்த பிறகே மேசையை விட்டு நகரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை இவை: எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட், டிசி, நன்னடத்தைச் சான்று, ஆங்கில வழியில் படித்ததற்கான கடிதம். இவற்றோடு, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள முழுப் பாடத்திட்டம் ஒன்றையும் கேளுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு மேற்படிப்புக்கோ தொழில்முறைத் தேர்வில் விலக்குப் பெறவோ அதுதான் தேவைப்படும். பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியாது என்றால் நேரில் வராமல் சான்றிதழ் பெறும் விண்ணப்பத்தை இப்போதே நிரப்பிக் கொடுங்கள். வாங்கி அனுப்ப நம்பிக்கையான ஜூனியர் ஒருவருக்கு அதிகாரக் கடிதமும் எழுதிவையுங்கள்.

சான்றுறுதிதான் உண்மையில் நேரமும் பணமும் தின்னும் வேலை. பட்டச் சான்றிதழை மாநில உயர்கல்வித் துறையில் சரிபார்த்து, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரை பெற வேண்டியிருக்கும். அமைச்சு விண்ணப்பங்களை நேரடியாக வாங்குவதில்லை, அது நியமித்த முகவர் நிலையங்களில்தான் கொடுக்க வேண்டும். அடுத்த படி என்ன என்பதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்கு வந்தபின் ஒரு முத்திரைக்காகத் திரும்ப விமானம் ஏறும் வசதி நம் வீடுகளில் இல்லை. 2024 செப்டெம்பரில் உயர்த்தப்பட்டபோதும் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அம்மா கொழுந்து பறித்தும் அப்பா இறப்பர் பால் வெட்டியும் சேர்த்த பணத்தில் சேலையும் சுவீட்டும் வாங்குவதற்கு முன் இந்தக் கட்டணங்களை எடுத்து வையுங்கள். பரிசு எதிர்பார்த்து லயமே காத்திருக்கும், தெரியும். நிலைமையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பொறியியல் படித்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 2014இல், பொறியியல் படிப்புகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர்களாயின. ஆனால் அதன் பயன் எல்லா இந்தியக் கல்லூரிகளுக்கும் இல்லை. தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் அங்கீகரித்த படிப்புகளுக்கு மட்டுமே உண்டு. உங்கள் படிப்பு அதில் இருந்தால், நீங்கள் படித்த ஆண்டுகளைக் காட்டும் அங்கீகாரக் கடிதத்தின் பிரதியை வாங்கிவிடுங்கள். மருத்துவம் முடித்தவர்களுக்கு இலங்கை மருத்துவ சபையின் தகுதித் தேர்வு காத்திருக்கிறது. அதற்கான ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு கல்லூரியில் கேளுங்கள்.

சில சின்ன வேலைகளும் உண்டு. காஷன் டெபாசிட்டைத் திரும்பப் பெறுங்கள். வங்கிக் கணக்கை மூடுங்கள். இந்திய சிம் செயலிழந்தால் ஓடிபி வராது, அதற்குள் பல்கலைக்கழகத் தளத்தில் இலங்கை எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் பதிந்துவிடுங்கள். விசா முடியும் தேதியைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள். பேராசிரியர் இருவரிடம் பரிந்துரைக் கடிதம் நேரில் கேளுங்கள்.

மூலச் சான்றிதழ்கள் கைப்பையிலேயே வரட்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வரும் லயங்களில் தகரப் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது.

இனி வேலை. அரச வேலைக்கு வெளிநாட்டுப் பட்டத்தோடு விண்ணப்பித்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள். அலுவலகம் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் இருக்கிறது. வந்த வாரமே அங்கே போங்கள். வெள்ளிக்கிழமை தோறும் வரும் அரச வர்த்தமானியைப் பாருங்கள். இரத்தினபுரியிலுள்ள சப்ரகமுவ மாகாண சபை அலுவலகங்களின் அறிவித்தல்களையும் விடாதீர்கள். தோட்டக் கம்பனிகள், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை வீட்டுக்கு அருகிலேயே உள்ள வாசல்கள். சுயவிவரத்தைக் கட்டுநாயக்காவில் இறங்கும் முன்பே அனுப்பலாம்.

அந்தச் சுயவிவரத்தின் மேலேயே உங்கள் மூன்று மொழிகளையும் எழுதுங்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வளர்ந்த சப்ரகமுவப் பிள்ளைக்குச் சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் வந்த மொழி. 2007 முதல் அரச சேவையில் புதிதாகச் சேருவோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டியிருப்பதால், அந்தப் பழக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இந்தியாவில் இருந்த காலத்தில் நாக்கு கொஞ்சம் துருப்பிடித்திருக்கலாம். இப்போதே பழைய நண்பர்களோடு சிங்களத்தில் பேசத் தொடங்குங்கள், எழுத்தையும் பழகுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நுவரெலியாவில் மலையக மாணவர்கள் திரளாக இருப்பதால் அங்கே செய்தி பரவிவிடும். நம் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, விண்ணப்பத் தேதி முடிந்த பிறகே தகவல் வந்து சேர்கிறது. நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்று இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் இலங்கை மாணவர்களுக்கென்றே இருப்பது உயர்தரம் எழுதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பொங்கலுக்கு ஊரில் இருப்பீர்கள். நீங்கள் படித்த பாடசாலைக்கு ஒரு நாள் போய், அதிபரிடம் அனுமதி கேட்டு, எப்படி விண்ணப்பித்தீர்கள், என்னென்ன கடிதங்கள் தேவைப்பட்டன என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.