நூறு ஆண்டு கழித்து வருபவருக்காக எழுதுங்கள்

தாவரச் சூழலியலில் காலடி வைக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், முதலில் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். நானோ ஒரு மனிதரின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். வில்லியம் ஸ்கின்னர் கூப்பர் 1884இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சிகாகோவில் தாவரச் சூழலியலாளர் ஹென்றி கௌல்ஸிடம் பயின்று, 1915 முதல் 1951 வரை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தார். அவர் அச்சிட்ட கட்டுரைகள் பெரியவை. அவர் விட்டுச்சென்ற களக் குறிப்புகளும் வரைபடங்களும் படங்களும் அவற்றைவிடப் பெரியவை என்பது என் எண்ணம். அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை உங்களுக்குத் தருகிறேன்.

1. ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள்.

அலாஸ்காவில் கிளேசியர் விரிகுடா என்று ஓரிடம். 1794இல் கடற்பயணி வான்கூவரின் மாலுமிகள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவின் பெரும்பகுதி பனிக்கு அடியில் இருந்தது. 1916இல் கூப்பர் போனபோது பனியாறு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே பின்வாங்கியிருந்தது. விட்டுப்போன இடமெல்லாம் வெறும் சரளைக் கல். மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உயிர் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது? அங்கே செடிகளைக் கணக்கெடுக்க 9 சதுரக் கட்டங்களைக் குறித்தார். 1921, 1929, 1935 என்று திரும்பப் போய் அதே கட்டங்களுக்குள் குனிந்து பார்த்தார். ஒரே பயணத்தில் ஐம்பது இடம் பார்த்து வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செடி தன் கதையை ஒரே நாளில் சொல்லிவிடாது.

2. கட்டம் சிறிதாக இருக்கட்டும்.

கூப்பரின் ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மீட்டர்தான். ஒரு பக்கம் இரண்டு முழத்துக்குச் சற்று மேல். அதற்குள் எந்தச் செடி எந்த மூலையில் இருக்கிறது என்று வரைந்துவிடலாம்.

3. இடத்தைக் குறிக்கும்போது, எது அழியும் என்று யோசித்துக் குறியுங்கள்.

இதில் நான் அடிபட்டவன். இளவயதில் ஒரு குன்றின் சரிவில் ஆறு கட்டங்கள் போட்டேன். குறிப்பேட்டில் 'பெரிய மரத்துக்குக் கிழக்கே, இருபது அடி' என்று எழுதினேன். எந்த மரம் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. நான்கு ஆண்டு கழித்துப் போனால் மரம் இல்லை, அடிமரம்கூட இல்லை. மூன்று நாள் தேடியும் ஒரு கட்டம்கூட அகப்படவில்லை. அன்று போட்ட உழைப்பு அந்தச் சரிவிலேயே கிடக்கிறது.

கூப்பர் திசைகாட்டி அளவையும் காலடி எண்ணிக்கையையும் எழுதினார், கையால் வரைபடம் போட்டார், படமும் எடுத்தார். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். 2016இல் பிரையன் பூமா என்ற ஆய்வாளர் அந்தப் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு புதருக்குள் இறங்கி, ஒன்பதில் எட்டுக் கட்டங்களைக் கண்டுபிடித்தார். நூறு ஆண்டு! காந்த வடக்கு இடம் மாறியிருந்தது. பனியின் சுமை நீங்கியதால் அங்கே நிலமே ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் மேலே எழும்புகிறது, அதனால் கடற்கரையும் பழைய இடத்தில் இல்லை. ஆகவே திசை எழுதும்போது ஆண்டையும் எழுதுங்கள். கரையிலிருந்து அளக்காதீர்கள், பாறையிலிருந்து அளங்கள். இன்று கைபேசி சொல்லும் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிறதே என்பீர்கள். எழுதுங்கள். அது அருகில் கொண்டுபோய் விடும். ஒரு சதுர மீட்டரின் மூலையைக் காட்டாது.

4. பென்சிலால் எழுதுங்கள். மழையில் மை கரையும். இனம் தெரியாத செடிக்குத் தெரியாது என்றே எழுதி, ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வையுங்கள்.

5. பாடம் சொல்வதைப் படியுங்கள். கட்டம் சொல்வதை எழுதுங்கள்.

தாவர வழிமுறை வளர்ச்சி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். முன்னோடித் தாவரம் வரும், மண்ணைப் பண்படுத்தும், அடுத்ததற்கு இடம் கொடுக்கும், கடைசியில் உச்சநிலைக் காடு. கிளேசியர் விரிகுடாவே அதற்குப் பெயர்பெற்ற உதாரணம்: முதலில் தரையோடு படரும் டிரையாஸ், பிறகு வில்லோ, ஆல்டர் என்னும் புதர்கள், கடைசியில் ஸ்ப்ரூஸ் மரக்காடு. ஆல்டரின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன என்பதும் மெய்தான். மாடிப்படி மாதிரி அழகாக இருக்கிறது.

ஆனால் கூப்பரின் கட்டங்களில் அந்தப் படிகள் இல்லை. நூறு ஆண்டுக்கு முன் வேரூன்றிய வில்லோ இன்றும் அங்கேயே இருக்கிறது. அது அடர்ந்த கட்டங்களில் ஸ்ப்ரூஸ் காலூன்றவே முடியவில்லை. விரிகுடாவின் வாய்க்கு அருகில், விதை எளிதில் வந்துசேரும் இடத்துக் கட்டங்களில் மட்டும் தொடக்கம் முதலே செடி வகைகள் அதிகம். எது முதலில் வந்து விழுந்தது என்பதே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது. வெவ்வேறு வயதுள்ள நிலங்களை வரிசையாக வைத்து, ஒன்றின் கடந்த காலம்தான் மற்றொன்று என்று சொல்லிவிடுவது எவ்வளவு ஆபத்து என்று பூமாவின் முடிவுகளைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

தொடக்கத்திலேயே கட்டங்களுக்குள் இருந்த வேறுபாட்டைக் கூப்பர் குறித்து வைத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. 1913இலேயே, சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவுக் காட்டைப் பற்றி எழுதும்போது, முதிர்ந்த காடு ஒரே சீரானது அல்ல, காற்று மரங்களைச் சாய்த்த வெவ்வேறு வயதுத் திட்டுகளின் ஒட்டுத்துணி என்று சொன்னார். 1926இல், தாவர மாற்றத்தைப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும் பல கால்களைக் கொண்ட ஆற்றுக்கு ஒப்பிட்டார். மாடிப்படியைக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த ஆற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

6. பார்த்த இடத்துக்காக வாய் திறங்கள்.

கிளேசியர் விரிகுடாவைக் காக்க வேண்டும் என்று கூப்பரும் அமெரிக்கச் சூழலியல் கழகத்தாரும் விடாமல் எழுதினார்கள். 1925 பிப்ரவரி 26 அன்று அதிபர் கூலிட்ஜ் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1980இல் தேசியப் பூங்கா ஆனது.

7. கட்டத்தை இன்னொருவர் கையில் கொடுங்கள்.

கூப்பரின் மாணவர் டொனால்ட் லாரன்ஸ் 1940களில் அந்தப் பணியை ஏற்று 1980களின் இறுதிவரை போய்வந்தார். அந்த நடுக்கால அளவீடுகளில் பல வெளியே தெரியாமலே கிடந்தன. அவை கிடைத்தபின், 2019இல் வெளிவந்த கட்டுரையில்தான் நூறு ஆண்டுத் தொடரின் இடைவெளி நிரம்பியது. யாரோ ஒருவர் மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் தாள்களைக் குப்பையில் போட்டிருந்தால்?

8. தாள்களை வீட்டில் வைத்துக்கொண்டு சாகாதீர்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முப்பது ஆண்டு ஒரே புல்வெளியைப் பார்த்து எழுதினார். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, அவர் பணிசெய்த இடத்தில் அறையைக் காலி செய்தார்கள். குறிப்பேடுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இரண்டு மட்டும் மிச்சம். கூப்பர் 1978இல் இறந்தார். அவருடைய தாள்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிழையான அளவீடு, கடிதம், மங்கிய படம் எதையும் நீங்களாகக் கழித்துவிடாதீர்கள். படத்தின் பின்புறம் இடமும் தேதியும் எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதும் இருக்கட்டும்.

என்னுடையவை பதினேழு குறிப்பேடுகள், ஒரு இரும்புப் பெட்டியில். இரண்டில் என் எழுத்து எனக்கே புரியவில்லை. அடுத்த மாதம் காப்பகத்தில் ஒப்படைக்குமுன் ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும் பட்டியலும் போட வேண்டும். யாராவது ஒருவர் பென்சிலோடு வாருங்கள்.