எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும்?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறேன். ‘ஐ.சி.டி. இல்லாத லெசன் பிளானுக்கு மார்க் கிடையாது’ என்கிறார்கள் கல்லூரியில். கண்ணில் பட்ட ஆப்களை எல்லாம் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். எதை எப்போது எடுப்பது என்றுதான் புரியவில்லை. அந்தப் பள்ளியில் நெட் வரும், போகும் என்று சீனியர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். எங்கிருந்து தொடங்கட்டும்?
– பி.எட். மாணவி, திண்டுக்கல்

பதில்: ஆப்களை இப்போதைக்கு விடுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்து, சாக்பீஸால் காட்டவே முடியாத இடங்கள் எவை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் தேறும். வரையறைகளைப் பவர்பாயிண்டில் அடித்துத் திரையில் போடுவதால் ஒரு லாபமும் இல்லை. கரும்பலகையில் எழுதினாலாவது உங்கள் கை போகும் வேகத்துக்குப் பிள்ளைகளும் எழுதி முடிப்பார்கள்.

மின்னோட்டவியல் வேறு ரகம். கம்பிக்குள் ஓடுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வரைந்து, ‘எது பிரகாசமாக எரியும்?’ என்று கேளுங்கள். ‘முதல் பல்பு கரண்ட்டை எடுத்துக்கும், ரெண்டாவதுக்கு மிச்சம்தான் போகும் மிஸ்’ என்று நிறையக் குரல்கள் வரும். ஓம் விதியைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும் பிள்ளையும் இதைச் சொல்லும். உலகம் முழுக்க மாணவர்களிடம் இருக்கும் நம்பிக்கை இது. கணக்குப் போட வைத்தால் போய்விடாது.

இங்கேதான் திரை வேண்டும். இயற்பியலுக்காக 2001-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ‘ஃபெட்’ சிமுலேஷன்கள். காசு கிடையாது, பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. அதில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்து ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, கம்பிகளை இழுத்துப் போட்டு இணையுங்கள். இணைத்ததை உடனே காட்டிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொருவரும் தன் பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடட்டும். அதன்பிறகு திரையைக் காட்டி, அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னாலும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் வையுங்கள். 9 வோல்ட் பேட்டரி, பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்றால் மூன்று இடத்திலும் 0.45 ஆம்பியர். எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் அந்த எண் உறைக்கும். சும்மா பார்த்தவனுக்கு அது இன்னொரு வீடியோ.

ஒரு இடத்தில் மட்டும் உஷார். திரையில் ஓடும் நீலப் புள்ளிகள் எலக்ட்ரான்கள். அவை எதிர்முனையிலிருந்து கிளம்பி நேர்முனைக்குப் போகும். புத்தகத்தில் அம்புக்குறி தலைகீழாக இருக்கும். யாராவது ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். மரபு மின்னோட்டத்துக்கு மாற்றும் பொத்தான் அதே திரையில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். கம்பியை பேட்டரியின் இரு முனைக்கும் நேராக இணைத்தால் பேட்டரி தீப்பற்றி எரியும். அதையும் ஒருமுறை செய்துகாட்டுங்கள், வகுப்பு உங்கள் பக்கம்.

அப்புறம் நிஜ பேட்டரி, நிஜ டார்ச் பல்புகள். இதைத் தவிர்க்கவே கூடாது. கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது என்பதால், ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியலாம். ‘பார்த்தீங்களா மிஸ், நான் சொன்னேன்ல!’ என்று எவனாவது துள்ளுவான். பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலானது எங்கே போனாலும் மங்கலாகத்தான் எரியும். திரை சொல்லித்தராத பாடம் அது.

நெட் விஷயத்துக்கு வருவோம். சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்; பிரவுசர் இருந்தால் போதும், சிக்னல் வேண்டாம். போனிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் தீக்ஷா பாடங்களையும் வீட்டிலேயே இறக்கி, முழுக்கப் பார்த்துவிட்டுப் போங்கள். வகுப்பில் 40 பேரை உட்காரவைத்து முதன்முறையாகப் பார்க்கும் வீடியோவைப்போல ஆபத்தானது வேறில்லை. ஹைடெக் லேப் கிடைத்தால் ஒரு கணினிக்கு இரண்டு பேர்: ஒருவர் மவுஸ், மற்றவர் நோட்டு. பாதியில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் பிடித்தவன் கடைசிவரை விடமாட்டான்.

மார்க் பற்றிக் கேட்டீர்கள். லெசன் பிளானில் துணைக்கருவி என்ற கட்டத்தில் ‘லேப்டாப், புரொஜெக்டர்’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்தத் தவறான எண்ணத்தை உடைக்க அந்தச் சிமுலேஷன், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். 2006-ல் புண்ய மிஷ்ராவும் மேத்யூ கோலரும் முன்வைத்த டிபேக் சட்டகத்தைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். தொழில்நுட்பம், கற்பித்தல், பாடப்பொருள் என்று மூன்று வட்டம் வரைந்து, வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பெயர் எழுதினால் பரீட்சையில் மார்க் விழும். அந்த வட்டங்கள் வகுப்பறையில் வெட்டிக்கொள்வது இந்த இரண்டு வரியில்தான். சாட்ஜிபிடியிடம் கேட்டால் லெசன் பிளானை அழகாகவே எழுதித் தரும். உங்கள் பத்தாம் ‘பி’ பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கேள்வி: பயிற்சிப் பள்ளியில் நான் பாடம் எடுப்பதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– பி.எட். மாணவர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் தம்பி. அவர்கள் பிள்ளைகள், உங்கள் ஃபாலோயர்களுக்காக வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வினாடி வினா ஆப்களில்கூட மாணவர் பெயரும் போன் நம்பரும் கொடுக்காமல் வரிசை எண்ணோடு நிறுத்துங்கள்.

உங்களைத் திருத்திக்கொள்ளத்தான் என்றால், ஹெச்.எம்.மிடமும் வழிகாட்டி ஆசிரியரிடமும் கேட்டுவிட்டு, உங்கள் குரலை மட்டும் பதிவு செய்து, கேட்டதும் அழித்துவிடுங்கள். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் அடுத்த பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். உங்கள் பதிவில் அந்த இடைவெளி எவ்வளவு என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள்.