மேட்டூர் திறந்ததும் தொடங்குங்கள்

டெல்டா பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளியின் மூன்று பருவமும் நெல்லின் ஆண்டும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடுகின்றன. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளியும் அந்த வாக்கில்தான் திறக்கிறது. புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் கல்லணையைத் தாண்டித் தண்ணீர் இறங்கிவிடும், நாற்றங்காலில் குறுவை முளைத்திருக்கும். காலாண்டுத் தேர்வு நடக்கும்போது குறுவை அறுவடை. அரையாண்டுக்குச் சம்பாவும் தாளடியும் வடகிழக்குப் பருவமழையில் நிற்கும். பொங்கலுக்குப் பிறகு மூன்றாம் பருவத்தில் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். இதைப் பாடத்திட்டமாக யாரும் எழுதித் தரவில்லை. 6, 7, 8-ஆம் வகுப்பு எடுக்கும் அறிவியல் அல்லது கணக்கு ஆசிரியர் ஒருவர், வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை ஒதுக்கினால் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் ஒரே ஒரு பாடவேளை? புது முறை என்றாலே ஆசிரியர் அறையில் பெருமூச்சு கேட்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறைதான் அதற்கு மூலம். பாயில் உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படிக்கும் பிள்ளைகள், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கும் ஓவியங்கள் என்று வகுப்பறையின் முகமே மாறியது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. 2022-ல் அரும்பு, மொட்டு, மலர் என்று எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றிலும் நல்ல சரக்கு இருந்தது. ஆனால் பார்வையிட வருகிறவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் கடைசியில் வகுப்பில் மிஞ்சும். மன வரைபடம் எங்கே என்று கேட்டார்கள்; எல்லா நோட்டிலும் மன வரைபடம் வந்தது. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஆறு கோடு, முப்பது நோட்டிலும் அதே ஆறு கோடு, எல்லாம் கரும்பலகையில் ஆசிரியர் போட்டது. வாரம் ஒரு பாடவேளையை எந்தப் படிவமும் கேட்காது. அதனால் அது பிழைத்துக்கிடக்கும்.

முதல் வேலை: அனுமதி

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். வயல்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், வரப்பை மிதித்து உடைக்கக் கூடாது என்பார்கள், அது நியாயம். வாய்க்காலோ ஆறோ ஒட்டிய வயல் வேண்டாம். தண்ணீர் திறந்த நாட்களில் கரையோரம் போகவே வேண்டாம். மருந்து அடித்த வயலில் அந்த வாரம் கால் வைக்கக் கூடாது. இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட வர வேண்டும். இதையெல்லாம் விரிக்க ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றைக்கூட விட முடியாது.

இன்னொன்று அனுமதிக் கடிதத்தில் வராது. வகுப்பில் யாரிடமும் "உங்க வீட்ல எத்தனை மா?" என்று கேட்காதீர்கள். ஒரே பெஞ்சில் நிலக்காரர் வீட்டுப் பிள்ளையும், அந்த நிலத்தில் நடவுக்குப் போகும் அம்மாவின் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். கூலி உயர்வுப் போராட்டத்தின் உச்சத்தில், 1968-ல், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வட்டாரம் இது. நெல் பாடத்தைக் கவனமில்லாமல் எடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கவனமாக எடுத்தால் இதுவரை கை தூக்காத பிள்ளை கை தூக்கும்.

கேள்வி வாங்குவது

முதல் இரண்டு வாரம் பாடமே எடுக்க வேண்டாம். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து, "இதுல உங்களுக்கு என்ன தெரியல?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். கஷ்டமான பகுதி அதுதான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது படிக்கச் சுலபம். நாற்பது பிள்ளைகள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு யுகம். மனசுக்குள் எண்ணுங்கள்.

வரும் கேள்விகளை, கேட்ட பிள்ளையின் பெயரோடு, அது பேசிய தமிழிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், தொகுக்காதீர்கள். "நாத்தப் பறிச்சா அது செத்துடாதா?" "நடவு நடுறவங்க ஏன் பின்னாடியே நகர்றாங்க?" "தண்ணிக்குள்ள நெல்லு அழுகல, கடலைச் செடி மட்டும் ஏன் அழுகுது?" "ஆடுதுறை 36-னு பேரு வச்சது யாரு?" கடைசிக் கேள்விக்கு வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும்; நல்ல கேள்வி. பதிலை உடனே சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரு அட்டையில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்கள் தங்களுக்குப் பிடித்த கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். எந்தக் குழுவுக்கு எந்தக் கேள்வி என்று நீங்கள் பங்கிட்டுக் கொடுத்தால் அது மறுபடியும் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

உப்புத் தண்ணீரும் முட்டையும்

ஜூன் மாதத்துக்கு ஒரு பரிசோதனை, அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. விதை நெல்லைத் தேர்வு செய்ய விவசாயிகள் செய்வதுதான். தேவையானவை: உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, இரண்டு லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ கல் உப்பு, புது முட்டை ஒன்று, ஒரு படி நெல், ஒரு தராசு. நெல் வீட்டு நெல்லாக இருக்கட்டும். கடையில் வாங்கும் விதையில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கலாம். சாயம் ஏறியிருந்தால் பிள்ளைகள் தொடவே கூடாது.

முட்டையைத் தண்ணீரில் விடுங்கள். அடியில் போய் உட்காரும். இனி ஒவ்வொரு பிடி உப்பாக எடைபோட்டுச் சேர்த்துக் கரைக்கட்டும். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால், முட்டை எழும்புமா எழும்பாதா என்று எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் பார்த்தால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லாரும் சொல்வார்கள். கால் கிலோ வாக்கில் முட்டை அசைந்து மேலே வரும். பழைய நாலணா அளவுக்கு அதன் தலை வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுங்கள். பதரும் அரைகுறையும் மிதக்கும், கனத்த நெல் அமிழும். இரண்டையும் தனித்தனியாக அள்ளி, உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

பெரும்பாலான வகுப்புகள் இங்கேயே கை தட்டிவிட்டுக் கலைந்துவிடும். கலைய விடாதீர்கள். மிதந்ததில் நூறு, அமிழ்ந்ததில் நூறு எண்ணி எடுத்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டி வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். அமிழ்ந்ததில் பெரும்பாலும் முளைக்கும். ஆனால் மிதந்ததிலும் சில முளைக்கும். "அப்ப அப்பா தப்பாவா தூக்கிப் போடுறாரு?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. முளைப்பது வேறு, வாளிப்பான நாற்றாவது வேறு. அதைக் கண்டுபிடிக்க இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வளர்த்து உயரம் அளக்க வேண்டும். அளப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

நடவுக்காரர் ஆசிரியராக

நாற்றைப் பறித்து ஏன் மாற்றி நட வேண்டும், ஒரு குத்துக்கு எத்தனை நாற்று, எவ்வளவு ஆழம் என்றெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நடவுக்குப் போகும் பெண்கள். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். கூலி போகும் நாளில் கூப்பிடாதீர்கள். வேலை இல்லாத நாளை அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை அதே வகுப்பில் படித்தால் முன்னமே அந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பெருமை, சிலருக்குக் கூச்சம். வந்தவர் கதவோரம் நிற்பார். "வாங்கம்மா, இப்படி உக்காருங்க" என்று உங்கள் நாற்காலியைப் போட்டுவிட்டு நீங்கள் பெஞ்சில் போய் உட்காருங்கள். பேசச் சொல்லாதீர்கள், ஒரு நாற்று முடியைக் கையில் கொடுங்கள். கை வேலை செய்ய ஆரம்பித்தால் பேச்சு தானாக வரும். ஏன் பின்னால் நகர்கிறார்கள் என்று கேட்ட பிள்ளை அவரிடமே கேட்கட்டும். "முன்னாடி போனா நட்டத நானே மிதிச்சிடுவேன்ல, தம்பி" என்பார். ஒரு வரிதான். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்காரும் விதத்தைப் பாருங்கள்.

கொள்முதல் நிலையக் கணக்கு

மூன்றாம் பருவத்தில் எட்டாம் வகுப்புக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் தளர்வு கேட்டு விவசாயிகள் நிற்பதையும், அரசு கோரிக்கை அனுப்புவதையும் பிள்ளைகள் வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். கரும்பலகையில் இதை மட்டும் எழுதுங்கள்: 22 சதவீத ஈரத்தில் 40 கிலோ நெல். 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்?

ஐந்து சதவீதம் குறைகிறது, 40-ல் ஐந்து சதவீதம் இரண்டு, ஆக 38 கிலோ என்று வகுப்பே சொல்லும். தப்பு என்று சொல்லாதீர்கள். "நெல்லுல காயாதது எது?" என்று கேளுங்கள். 40 கிலோவில் 78 சதவீதம், அதாவது 31.2 கிலோ, காய்ந்த பொருள். அது குறையவே குறையாது. காய்ந்த பிறகு அந்த 31.2 கிலோதான் மொத்தத்தில் 83 சதவீதம். அப்படியானால் மொத்தம் 37.6 கிலோ. வித்தியாசம் மூட்டைக்கு 400 கிராம் சொச்சம். நூறு மூட்டைக்கு 41 கிலோ, ஒரு மூட்டைக்கும் மேல். 2025-26-ல் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். அந்த ஒரு மூட்டை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சதவீதப் பாடத்தில் இதற்கு மேல் யாரும் தூங்க மாட்டார்கள்.

நெல்லை வைத்துக் கணக்கு சொல்லித் தருவது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியோடு நெல்லிலக்கமும் மனப்பாடம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து, ஒரு மா எத்தனை சென்ட் என்று கயிறு பிடித்து அளக்கச் சொல்லலாம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதுவும் நல்லதுதான். அந்தத் திண்ணையை ரொம்பக் கொண்டாட வேண்டாம். ஒப்புவிப்பும் பிரம்பும் அங்கேதான் இருந்தன.

மதிப்பெண், பரிசு

மதிப்பெண்ணுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது: வளரறி மதிப்பீடு (அ). செயல்பாட்டுக்கான அந்த மதிப்பெண்களுக்குத்தான் பல பள்ளிகளில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் கடையிலிருந்து வருகின்றன. அதற்குப் பதிலாக இந்த நெல் நோட்டை வையுங்கள். ஆனால் முதல் தடவை திருத்தும்போது எண் போடாதீர்கள், குறிப்பு மட்டும் எழுதுங்கள்: "முளைத்ததை எந்த நாளில் எண்ணினாய்?" ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பிள்ளை எண்ணைத்தான் பார்க்கும், நாமும் அப்படித்தானே. திருத்தி எழுதி வந்த பிறகு எண் போடுங்கள்.

பரிசு கொடுக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேண்டாம். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தார்கள் ஸ்டான்ஃபோர்டில். 1973-ல் வெளிவந்த ஆய்வு. சில நாள் கழித்து, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆண்டு விழாவில் டிபன் பாக்ஸ் கொடுக்கட்டும், அது வேறு கணக்கு. இந்த ஒரு பாடவேளைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

ஏப்ரலில்

இந்த ஆண்டு சில வாரங்கள் போகும். நவம்பரில் மழை விடுமுறை வரும், ஜனவரியில் திருப்புதல் தேர்வு வரும், யாரோ ஒருவர் உங்கள் பாடவேளையைக் கேட்பார். விட்டுக்கொடுங்கள், அடுத்த வாரம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய அட்டையில் பாதிக் கேள்விக்காவது பதில் கிடைத்திருந்தால் நல்ல ஆண்டு. மீதியில், ஊரில் யாருக்கும் தெரியாத கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து, ஒரு தாளில் ஒரு கேள்வியாக, பிள்ளைகள் கையெழுத்திலேயே ஆடுதுறைக்கு அனுப்புங்கள். 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆடுதுறை 36-க்குப் பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். பதில் வரும் முகவரியாகப் பள்ளி முகவரியைப் போடச் சொல்லுங்கள், பிள்ளையின் வீட்டு முகவரி வேண்டாம். கேள்விகளின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஜூனில் உள்ளே வரும் அடுத்த வகுப்புக்குச் சுவரில் மாட்ட அது தேவைப்படும்.