சுவர் ஏன் வியர்க்கிறது?

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதற் குளிர்காலத்திற்கென்று கம்பளி வாங்குவான். காதை மூடக் குல்லாய் வாங்குவான். குளிரில் தன் அறைச் சுவரும் நனையும் என்று அவனுக்கு எவரும் சொல்லி அனுப்புவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. இயற்பியலில் முதுகலை பயிலும் நான் அப்பாடத்தைச் சுவரிடமிருந்தே கற்றேன். கற்று முடிப்பதற்குள், எங்களுடன் தங்கிய தம்பியொருவன் ஒரு மாத காலம் மூச்சிரைத்துத் துன்புற்றான். அந்நிலை இவ்வாண்டு வேறு எவருக்கும் நேராதிருக்கவே இக்கட்டுரை.

பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு வீட்டின் தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த ஓர் அறையில் நாங்கள் மூவர் குடியிருக்கிறோம். மூலையிலேயே அடுப்பு. சென்ற மார்கழியில் குளிருக்கு அஞ்சிச் சன்னலை இறுக மூடினோம். சோறு உள்ளேயே வெந்தது. துவைத்த துணி உள்ளேயே கொடியில் உலர்ந்தது. இரவில் மூவரும் உள்ளேயே மூச்சு விட்டோம். தை பிறக்கும் முன்னரே அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. தோற்செருப்பில் பச்சை படர்ந்தது. தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருநாள் தன் பட்டச் சான்றிதழ் வைத்திருந்த உறையைத் திறந்தான். தாளின் ஓரத்தில் பூசணம் பூத்திருந்தது. சிறு வயதில் அவனுக்கு இளைப்பு இருந்ததாம். மறைந்திருந்த அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. “அண்ணே, படுத்தா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது” என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

மருத்துவர் உறிஞ்சு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அறையில் ‘சீலன்’ உண்டா என்று கேட்டார். சுவரில் ஊறும் ஈரத்துக்கு இந்தியில் அதுவே பெயர். அவர் கேட்டதில் வியப்பில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலொன்று, ஈரமும் பூசணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதி என்று எடுத்துரைக்கிறது.

வாங்கிய கருவி

மூவரும் பணம் போட்டு, நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு சிறிய ஈரநீக்கிக் கருவியை, அதாவது டீஹியூமிடிஃபையரை, வாங்கினோம். நாளொன்றுக்குக் கால் லிட்டர் நீரை இழுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் தொட்டியைப் பார்த்தோம். இரண்டு தேக்கரண்டி நீருக்கு மேல் இல்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பனிநிலையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் பெற்றவன் நான். அன்று வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

பிறகுதான் பெட்டியின் அடியிலிருந்த சிறிய எழுத்தைப் படித்தேன். அந்தக் கால் லிட்டர், 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்கு உரிய கணக்கு. எங்கள் அறையோ 16 பாகை!

நீர் எங்கிருந்து வந்தது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கி வைத்தேன். கருவிக்கு முன்னரே வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது. வெப்பம் 16 பாகை, ஒப்பு ஈரப்பதம் 78 விழுக்காடு என்று காட்டியது. அத்தகைய காற்று ஏறத்தாழ 12 பாகைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகப் படியும். அதுவே அதன் பனிநிலை. அலமாரிக்குப் பின்னிருந்த சுவரைச் சோதித்தால் அங்கே 12 பாகைக்கும் சற்றுக் குறைவு. வெயில் படாத சுவர். அறையின் சூட்டையும் அலமாரி மறைத்துவிட்டது. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் புறத்தே துளிகள் அரும்புவது போலவே எங்கள் சுவரும் வியர்த்திருக்கிறது. பூசணத்துக்குச் சொட்டும் நீர்கூட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் சில நாட்கள் நின்றாலே அது முளைத்துவிடும்.

இனி வரவுக் கணக்கைப் பாருங்கள். உறங்கும் மனிதன் ஒருவன் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளியிடுகிறான். மூவர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஒரு லிட்டருக்கு நெருங்கிவிடும். கையால் பிழிந்த ஒரு வாளித் துணி உலர்ந்தால் இரண்டு லிட்டர் காற்றில் கலக்கும். சமையல் எரிவாயு எரியும்போதும் நீர் பிறக்கிறது. ஒரு கிலோ வாயு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவியைத் தரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 22 லிட்டர் நீர் அறைக்குள் வந்ததாகக் கொள்ளலாம்.

நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டரை நாங்களே ஊற்றினோம். இரண்டு தேக்கரண்டியைக் கருவி எடுத்தது. ஓட்டைப் பானையை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கதைதான்.

மூடுபனியும் உலர்ந்த காற்றே

“வெளியே மூடுபனி. சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. 8 பாகைக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 8.3 கிராம் நீராவிக்கு மேல் கொள்ளாது. அக்காற்று உள்ளே வந்து 16 பாகைக்குச் சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 59 விழுக்காடுதான். எங்கள் அறைக்காற்றிலோ கன மீட்டருக்குப் பத்தரை கிராம் இருந்தது. ஆகவே குளிர்காற்று பார்வைக்கு ஈரமாயினும், உள்ளே வந்தால் உலர்த்தும் காற்றே.

எனினும் தில்லியில் ஓர் இடர் உண்டு. குளிர்காலத்தில் வெளிக்காற்றில் புகையும் தூசும் மண்டிக் கிடக்கின்றன. இளைப்பு நோயாளி உள்ள அறையில் அதிகாலையிலும் இரவிலும் சன்னலைத் திறப்பது தகாது. நண்பகலில் வெயில் ஏறிய பின்னர் நச்சு சற்றே கலைகிறது. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே கால் மணி நேரம் எதிரெதிர்ச் சன்னலும் கதவும் திறந்தால் போதும். அதற்கும் இடமில்லாத நாட்கள் சில வரும். அந்நாட்களில்தான் ஈரநீக்கிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

எந்தக் கருவி, எப்போது?

கருவிகள் மூவகை. முதலாவது, குளிர்சாதனப் பெட்டியைப் போல் கம்ப்ரசரால் இயங்குவது. குளிர்ந்த குழாயின்மேல் காற்றைச் செலுத்தி நீரைப் படியச் செய்யும். 20 பாகைக்கு மேற்பட்ட அறையில் நன்றாக உழைக்கும். அறை 15 பாகைக்குக் கீழே போனால் குழாயில் உறைபனி கட்டும்; அதை உருக்குவதிலேயே பாதி நேரம் கழியும். இரண்டாவது, சிலிக்கா ஜெல் அல்லது ஜியோலைட் பூசிய சக்கரத்தால் ஈரத்தை உறிஞ்சி, பின் சூட்டினால் வெளியேற்றுவது. இது குளிரிலும் தளராது. அறையும் சற்று வெதுவெதுப்பாகும். ஆனால் மின்செலவு மிகுதி. மூன்றாவது, நாங்கள் வாங்கிய பெல்டியர் வகைச் சிறு கருவி. பெட்டிக்கும் சிறு அலமாரிக்கும் ஏற்கலாம். மூவர் வாழும் குளிரறைக்கு ஏலாது.

எக்கருவியாயினும் ஓடும்போது சன்னல் மூடியிருக்க வேண்டும். ஈரமானி 50 முதல் 60 விழுக்காடு காட்டினால் நிறுத்திவிடலாம். 250 வாட் கருவி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட் மின்சாரம் என்பதையும் கணக்கில் கொள்க. காற்றுத் தூய்மைக் கருவியை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது தூசைப் பிடிக்கும், நீராவியைப் பிடிக்காது. சுவரின் அடிப்புறத்திலிருந்து ஈரம் ஏறினாலோ, குழாய் கசிந்தாலோ, வீட்டுக்காரரை அழைத்துக் கொத்தனாரைக் கொண்டு சீர்செய்வதே வழி. அவ்விடத்தில் எக்கருவியும் பயன்படாது.

நாங்கள் செய்தவை

துணியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்கார அம்மாள் முதலில் முணுமுணுத்தார்; சுவரைக் காட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டார். பாத்திரத்தை மூடிச் சமைத்தோம். அடுப்பெரியும்போது எக்ஸாஸ்ட் விசிறியைச் சுழலவிட்டோம். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, பூசணத்தைச் சோப்பு நீரால் ஈரத்துணி கொண்டு துடைத்தோம். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் அதன் நுண்வித்துக்கள் அறையெங்கும் பறக்கும். வெளுப்பு மருந்தைப் பயன்படுத்துவோர் அதனோடு வினிகரையோ வேறு கழுவு மருந்தையோ ஒருபோதும் கலக்கலாகாது, நச்சுவாயு எழும். சூட்டுக்காகக் கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைப்பது அதனினும் கொடிது. அதன் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

இரண்டு வாரத்தில் ஈரமானி 60க்கு இறங்கியது. தம்பிக்கு மருந்து தொடர்ந்தது; இரவில் எழுந்து உட்காருவது நின்றது. மருந்தால் எவ்வளவு, அறை உலர்ந்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டும் வேண்டியிருந்தன என்பது மட்டும் தெரியும். சான்றிதழின் கறை போகவில்லை. இப்போது அது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தகரப் பெட்டியில் இருக்கிறது.

எங்கள் சிறு கருவியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆவணி மழையில், அறை 30 பாகை இருந்தபோது, அது ஒவ்வொரு நாளும் ஒரு தம்ளர் நீரைத் தந்தது. குளிரறையில் அதனிடம் முடியாததைக் கேட்டது எங்கள் பிழை. நண்பர்களே, இவ்வாண்டு உங்கள் சுவரில் புள்ளி தோன்றினால் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஈரமானியைப் பாருங்கள். அடுத்துக் கொடியில் தொங்கும் துணியைப் பாருங்கள். அதன் பின்னரும் தேவையிருந்தால் கருவியைப் பற்றிப் பேசுவோம்.